பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? கழற்றும் முன் கண்டுபிடிக்கும் முறை

பழைய கார் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், பானெட்டைத் திறந்த மறுநிமிடமே ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். ஒருவர் "பேட்டரி போச்சு" என்பார். இன்னொருவர் "கார்புரேட்டர்ல தூசி" என்பார். மூன்றாமவர் "காயிலை மாத்துங்க, சரியாயிடும்" என்பார். இதில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் யாருமே இன்னும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

அதிகம் அடிபடுவது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாவப்பட்ட கார்புரேட்டர்தான். கண்ணுக்கு நேரே இருக்கிறது, ஸ்க்ரூக்கள் இருக்கின்றன, திருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய காரில் அந்த ஸ்க்ரூக்கள் ராத்திரியில் தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. திருகிவிட்டால் அப்புறம் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

கார்புரேட்டரும், பொறிக்காகக் கரண்டைத் துண்டித்துச் சேர்க்கும் பாயின்ட்டும் உள்ள பெட்ரோல் கார்களைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். பெரும்பாலும் 1970கள் வரை வந்தவை. டீசல் வண்டிகளின் கதை வேறு. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி போன்ற மிகப் பழைய கார்களில் மின்சார ஏற்பாடே வேறு மாதிரி என்பதால் அவற்றையும் விட்டுவிடலாம்.

## "ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதில் இரண்டு கோளாறுகள்

சாவியைத் திருப்பினால் என்ஜின் சுழலவே இல்லை என்பது ஒரு கோளாறு. நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றி ஓடவில்லை என்பது வேறொரு கோளாறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

சுழலவில்லை என்றால் பேட்டரி, ஒயர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோலுக்கும், சிலிண்டருக்குள் பொறி தரும் பிளக்குக்கும் அதில் சம்பந்தம் இல்லை. நல்ல வேகத்தில் சுழன்றும் பற்றவில்லை என்றால், புது பேட்டரி வாங்கி வைப்பதில் பெரும்பாலும் பலன் இல்லை. இந்த ஒரு பிரிவைச் சரியாகச் செய்தாலே சந்தேகப்பட வேண்டிய பாகங்களில் பாதி கழிந்துவிடும்.

ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது என்ஜினை முதல் சில சுற்றுகள் சுற்றிவிடும் மின் மோட்டார். நாம் 'செல்ஃப்' என்கிறோமே, அதுதான். அது வருவதற்கு முன் முன்பக்கம் நின்று கைப்பிடியால்தான் சுற்ற வேண்டும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரை 1912 மாடல் காரில் கேடிலாக் கொண்டுவந்தது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்க இந்தக் கார்களில் உள்ள பேட்டரி, காயில், பாயின்ட் ஏற்பாட்டிலும் அவருடைய பெயர் இருக்கிறது. அதனால் ஸ்டார்ட் ஆகாத பழைய காரின் முன் நிற்கும்போது நாம் தேடுவதில் பெரும்பகுதி அந்த ஒரு மனிதரின் வேலைதான்.

## என்ஜின் பற்றுவதற்கு என்ன வேண்டும்?

கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கிறோம். லைட்டர் 'டிக் டிக்' என்கிறது, அடுப்பு பற்றவில்லை. உடனே அடுப்பைக் கழற்றிப் போட மாட்டோம். கேஸ் வருகிற சத்தம் கேட்கிறதா, வாசம் வருகிறதா, லைட்டரில் பொறி தெரிகிறதா என்றுதான் பார்ப்போம். கேஸ் வாசம் வந்தால் லைட்டரைச் சந்தேகப்படுவோம், பொறி தெரிந்தால் சிலிண்டரைச் சந்தேகப்படுவோம்.

என்ஜினிலும் இதே கேள்விகள்தான். கூடுதலாக இரண்டு உண்டு. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் போதுமான அளவு அழுத்தப்பட வேண்டும். இதற்குக் கம்ப்ரஷன் என்று பெயர். பொறி சரியான நொடியில் வர வேண்டும், அது டைமிங்.

நிகோலஸ் ஓட்டோ 1876-இல் ஓட்டிக் காட்டிய நான்கு வீச்சு முறைதான் இந்த என்ஜின்களிலும். பிஸ்டன் கீழே இறங்கும்போது கலவையை இழுக்கும், மேலே ஏறும்போது அழுத்தும், பொறி பட்டு எரிந்ததும் கீழே தள்ளப்படும், மறுபடி ஏறும்போது புகையை வெளியேற்றும். இதில் வேலை தருவது மூன்றாவது வீச்சு மட்டும். மற்ற மூன்றுக்கும் வேறு எங்கிருந்தாவது சுழற்சி வந்தாக வேண்டும். ஓடும் என்ஜினில், அதோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீல் அதைத் தரும். நிற்கும் என்ஜினில் செல்ஃப்தான் தர வேண்டும்.

ஆக, சுழற்சி, பொறி, பெட்ரோல் கலவை, கம்ப்ரஷன், டைமிங். எல்லாச் சோதனையும் இந்த ஐந்தில் எது இல்லை என்று பார்ப்பதுதான். சுலபமாகப் பார்க்க முடிவதை முதலில் பார்ப்போம்.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, ஆவி கலையும் வரை பொறிச் சோதனை வேண்டாம். பிளக் ஒயரில் வரும் கரண்ட் பலமாக உதறும் என்பதால் வெறும் கையால் பிடிக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

## சுழலவில்லை

"லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, அதனால பேட்டரி நல்லாதான் இருக்கு." பழைய கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாதம் இது. தவறான வாதம்.

ஒரு சின்ன பல்புக்கு அரை ஆம்பியர் போதும். செல்ஃபுக்கு 150, 200 ஆம்பியர் வேண்டும். பேட்டரி டெர்மினலில் லேசாகப் பூத்த துருவால் 0.01 ஓம் தடை வந்திருக்கிறது என்று வையுங்கள். தடை என்பது கரண்ட் போகும் பாதையில் உள்ள எதிர்ப்பு. அரை ஆம்பியருக்கு அங்கே இழப்பு 0.005 வோல்ட், பல்புக்கு அது தெரியவே தெரியாது. 200 ஆம்பியருக்கோ 2 வோல்ட் அந்த இடத்திலேயே போய்விடும். 12 வோல்ட்டில் 2 போனால் செல்ஃப் முனகும். 6 வோல்ட் காரில் 2 போனால் முனகக்கூட செய்யாது. லைட் எரிகிறது என்றால் லைட்டுக்குப் போதுமான கரண்ட் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

லைட்டை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் கொடுங்கள், வெளிச்சத்தைக் கவனியுங்கள். சட்டென்று அணைந்தாலோ மிக மங்கினாலோ பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பெரிய ஒயர்களின் இணைப்பு லூஸாகவோ அழுக்காகவோ இருக்கிறது. வெளிச்சம் அப்படியே இருக்க செல்ஃப் அசையவில்லை என்றால், கரண்ட் செல்ஃபுக்குப் போகவே இல்லை. அப்போது சோலினாய்டைப் பாருங்கள். சாவியிலிருந்து வரும் சிறிய கரண்டை வாங்கி, பெரிய கரண்டை செல்ஃபுக்குத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச் அது. சில பழைய கார்களில் அதற்குப் பதில் கையால் இழுக்கும் குமிழ் இருக்கும். 'டக்' என்று ஒரு கனத்த சத்தம் கேட்டு, வெளிச்சமும் மங்கி, ஒன்றும் சுழலவில்லை என்றால் செல்ஃபின் பல்சக்கரம் ஃபிளைவீல் பல்லில் சிக்கியிருக்கலாம். சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் அசைத்தால் பல நேரம் விடுபடும். இதற்கு நேர்மாறாக, செல்ஃப் மட்டும் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றினால் பல்சக்கரம் போய்ச் சேரவில்லை. அழுக்கு ஏறி ஒட்டியிருக்கும்.

வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டர் இருந்தால் ஊகமே வேண்டாம். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 6 வோல்ட் பேட்டரிக்கு இதில் பாதிக் கணக்கு. செல்ஃப் கொடுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி வீக், அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. பேட்டரி விறைப்பாக நிற்க, செல்ஃப் மட்டும் மெதுவாகச் சுற்றினால் இழப்பு வழியில்தான். அதைக் கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை எர்த் ஆகியிருக்கும் பேட்டரிக் கம்பத்திலும், மறுமுனையை என்ஜின் உடம்பில் சுத்தமான ஓர் இடத்திலும் வைத்துச் செல்ஃப் கொடுங்கள். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரைக் கழற்றித் தேய்க்கும் வேலை இருக்கிறது.

எர்த் என்பது பேட்டரிக்குக் கரண்ட் திரும்பி வரும் பாதை, அதாவது காரின் உலோக உடம்பும் அதைப் பேட்டரியோடு இணைக்கும் ஒயரும். என்ஜின் ரப்பர் மவுண்ட்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் உடம்புக்கும் நடுவே தனியாக ஒரு பட்டை ஒயர் உண்டு. பெயின்ட் வேலை முடிந்து வந்த காரில் இந்த ஒயர் மறந்துபோயிருப்பதும், பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருப்பதும் சகஜம். இன்னொன்று: 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். ஜம்ப் ஒயர் போடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி உள்ள காராக இருந்தால் சாவியை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற முடிந்தால் என்ஜின் இறுகவில்லை. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கைப்பிடி திருப்பி உதைத்தால் விரலைச் சுற்றிப் பிடித்த கைதான் உடையும்.

## சுழல்கிறது, பற்றவில்லை

பத்து விநாடி செல்ஃப் கொடுத்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். வேறு எந்தக் கருவியும் இத்தனை சீக்கிரம் இத்தனை சொல்லாது.

பிளக் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கிறது, பற்றவைக்க ஆள் இல்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்கிறது. முனை காய்ந்து, பெட்ரோல் வாசமும் இல்லை என்றால் பெட்ரோல் வரவில்லை. கறுப்பாகப் புகைக்கரி அப்பியிருந்தால் நெடுநாளாகவே பெட்ரோல் அதிகமாகப் போய்க்கொண்டிருக்கிறது; அந்தக் கரி வழியாகவே கரண்ட் கசிந்து பொறி வராமல் போகலாம்.

அப்புறம், கழற்றிய பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, அதன் உலோக உடம்பு என்ஜினில் நன்றாகத் தொடும்படி கட்டிவைத்து, இன்னொருவரைச் செல்ஃப் கொடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். அதனால் பிளக்கைத் துளையிலிருந்து எட்டவே வையுங்கள். நீல நிறத்தில், 'சட் சட்' என்ற சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மெல்லிய மஞ்சள் பொறி போதாது. ஏனென்றால் அழுத்தப்பட்ட கலவைக்குள் பொறி தாண்ட வெளிக்காற்றில் வேண்டியதைவிடப் பல மடங்கு வோல்ட்டேஜ் வேண்டும். வெளியே தட்டுத்தடுமாறி வரும் பொறி சிலிண்டருக்குள் வராமலே போகலாம். "கரண்ட் வருது சார்" என்று யாராவது சொன்னால், என்ன நிறத்தில் என்று கேளுங்கள்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போகலாம். இல்லையென்றால் அடுத்த பகுதி.

## பொறி எப்படிப் பிறக்கிறது

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக் முனையில் பொறி தாண்ட ஆயிரக்கணக்கில் வேண்டும். நடுவில் நடப்பதுதான் பழைய காரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

காயில் என்பது ஓர் இரும்புத் தண்டின் மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று கனமான கம்பி, சில நூறு சுற்று. மற்றது மயிரிழைக் கம்பி, பல ஆயிரம் சுற்று. கனமான சுருளில் பேட்டரிக் கரண்ட் ஓடும்போது இரும்பைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தக் கரண்டைத் திடீரென்று நிறுத்தினால் காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அது சரியும் வேகத்தில் மெல்லிய சுருளில் 15,000, 20,000 வோல்ட் எழும்புகிறது. எவ்வளவு திடீரென்று நிறுத்துகிறோமோ அவ்வளவு பலமான பொறி.

நிறுத்துகிற வேலையைச் செய்வது பாயின்ட். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு ஜோடி தொடுமுனைகள். என்ஜினோடு சுழலும், மேடுகள் உள்ள ஒரு கேம் அவற்றைப் பிரிக்கும், ஸ்பிரிங் மறுபடி சேர்க்கும். பலரும் நினைப்பதற்கு மாறாக, பாயின்ட் சேரும்போது பிளக்கில் பொறி வருவதில்லை. பிரியும்போதுதான் வருகிறது. சேர்ந்திருக்கும் நேரம் காந்தப்புலம் வளர்வதற்கான நேரம். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது இது விநாடிக்கு 100 தடவை நடக்கிறது.

இனி கண்டென்சர். பாயின்ட் பிரியும் நொடியில் கரண்ட் நிற்க மனமில்லாமல் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். தாண்டினால் நிறுத்தம் திடீரென்று நடக்காது, பாயின்ட்டும் கருகும். அந்த நொடிக் கரண்டை வாங்கிக்கொள்வதற்குத்தான் விரல் நுனி அளவுள்ள கண்டென்சர். அதனால் "பாயின்ட்டில் நல்லாப் பொறி பறக்குது" என்பது நல்ல செய்தி கிடையாது. பாயின்ட்டில் பெரிய பொறி, பிளக்கில் சோகைப் பொறி என்றால் கண்டென்சரைத்தான் முதலில் மாற்றிப் பார்ப்பேன்.

கடைசியாக ரோட்டர். காயிலில் எழும்பிய கரண்ட் நடு ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வரும். மூடிக்குள் சுழலும் ரோட்டர் அதை ஒவ்வொரு பிளக் ஒயருக்கும் முறை வைத்துக் கொடுக்கும்.

சுருக்கமாக, பாயின்ட் சேரும்போது காயிலில் காந்தம் ஏறுகிறது. பிரியும்போது வோல்ட்டேஜ் எழும்புகிறது. ரோட்டர் அதைப் பங்கிடுகிறது.

## பொறியைத் தேடுவது

12 வோல்ட் பல்பு ஒன்றும் இரண்டு ஒயரும் சேர்த்த டெஸ்ட் லாம்ப் இதற்குப் போதும். பல்பின் ஒரு முனையை எர்த்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியை ஆன் செய்து, சாவியிலிருந்து காயிலுக்கு ஒயர் வரும் டெர்மினலைத் தொடுங்கள். எரியவில்லை என்றால் கோளாறு சாவியிலோ வரும் வழியிலோ. எரிந்தால், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மற்ற டெர்மினலைத் தொட்டுக்கொண்டு என்ஜினைச் சுழற்றச் சொல்லுங்கள். பல்பு எரிந்தும் அணைந்தும் மினுக்கினால் பாயின்ட் தன் வேலையைச் செய்கிறது. எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் சேரவில்லை: முனையில் அழுக்கு, இடைவெளி அதிகம், அல்லது உள்ளே எர்த் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது அதன் ஒயரோ கண்டென்சரோ எர்த்தில் ஒட்டியிருக்கிறது. காயிலின் உள்ளே சுருள் அறுந்திருந்தாலும் இப்படி வரும்.

சில மாதம் நின்ற காரில் பாயின்ட் முனையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் படிந்துவிடும். முனைகளுக்கு நடுவே சுத்தமான கெட்டி அட்டையை விட்டு இழுத்தால் போதும், பல கார்கள் அதிலேயே உயிர்பெறும். இடைவெளி காருக்குக் கார் மாறும். பல பிரிட்டிஷ் கார்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். உங்கள் காரின் கையேட்டு எண்தான் கணக்கு. சோதனை முடிந்ததும் சாவியை அணையுங்கள். என்ஜின் நிற்க, பாயின்ட் சேர்ந்திருக்க, சாவி ஆனில் கிடந்தால் காயில் வெந்துவிடும்.

மூடியில் இருந்து நடு ஒயரைப் பிடுங்கி, காப்பிட்ட இடுக்கியால் அதன் முனையை என்ஜின் உடம்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் கொடுங்கள். அங்கே பலமான பொறி வந்து, பிளக்கில் வரவில்லை என்றால் மிச்சம் மூடி, ரோட்டர், பிளக் ஒயர் மூன்றுதான். மூடிக்குள் ஈரம் இருந்தால் துடைத்து உலர்த்துங்கள். பென்சிலால் கீறியது மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால் அது கரண்ட் கசிந்த தடம், மூடியை மாற்ற வேண்டும். ரோட்டரைச் சோதிக்க, அதே நடு ஒயரின் முனையை ரோட்டரின் பித்தளைப் பட்டைக்கு அருகே பிடித்து, பாயின்ட்டை ஒரு காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் திறந்து மூடிப் பாருங்கள். ரோட்டர் நன்றாக இருந்தால் கரண்ட்டுக்குப் போக வழி இல்லை. பொறி தொடர்ந்து தாவினால் ரோட்டர் வழியாக அது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுக்குக் கசிகிறது. பார்வைக்குப் புத்தம்புதிதாக இருக்கும் ரோட்டரிலும் இது நடக்கும்.

ஒரு விசித்திரமான கோளாறு: சாவியை ஸ்டார்ட்டில் வைத்திருக்கும் வரை பற்றுகிறது, விட்ட நொடியே அணைகிறது. சில கார்களில் காயில் குறைந்த வோல்ட்டேஜுக்கு வடிவமைக்கப்பட்டிருக்கும். ஓடும்போது ஒரு தடைக் கம்பி வழியாகக் கரண்ட் வரும். பேலஸ்ட் ரெசிஸ்டர் என்பார்கள். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி தளர்வதால், அந்த நேரம் மட்டும் கம்பியைத் தவிர்த்து நேராகக் கரண்ட் போகும். கம்பி அறுந்திருந்தால் மேலே சொன்ன மாதிரிதான் நடக்கும். இதைத் தெரியாமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் ஏராளம்.

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் தொகுப்பு பொருத்திய காரில் பாயின்ட்டைத் திறந்து மூடும் சோதனை செல்லாது. அந்தத் தொகுப்போடு வந்த குறிப்பைப் பாருங்கள்.

## பெட்ரோல் பக்கம்

பொறி நீலமாக இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது. சரி, பெட்ரோலைத் தேடுவோம்.

ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, என்ஜின் நிற்கும்போதே கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியை ஒருமுறை இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. எஸ்யு மாதிரியான கார்புரேட்டர்களில் இந்தப் பீச்சும் பம்ப் கிடையாது; அவற்றில் கிண்ண மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கிண்ணத்துக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் ஏறியதும் மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும், குறைந்தால் திறக்கும். ஊசி மூடியபடி ஒட்டினால் கிண்ணம் காயும், திறந்தபடி ஒட்டினால் வழியும். வாரக்கணக்கில் நின்ற காரில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். இது கோளாறே இல்லை. பம்ப் மறுபடி நிரப்பும் வரை செல்ஃப் கொடுக்க வேண்டியிருக்கும். பத்து விநாடி கொடுத்து, அரை நிமிடம் செல்ஃப் ஆற விட்டு, மறுபடி கொடுங்கள்.

கிண்ணம் நிரம்பவில்லை என்றால் பம்ப். என்ஜினால் இயங்கும் பம்ப் என்றால் அதன் வெளிக்குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரைக் கழற்றிவைத்து, செல்ஃப் கொடுங்கள். விட்டு விட்டுப் பீச்ச வேண்டும். மின்சாரப் பம்ப் என்றால் சாவி போட்டதும் 'டிக் டிக்' என்று தொடங்கி, கிண்ணம் நிரம்பியதும் அடங்கும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் காற்று இழுக்கிறது, டாங்க் காலி, அல்லது எங்கோ வழிகிறது. சத்தமே இல்லை என்றால் பம்புக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடி, நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடுகிற கார் என்றால் டாங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது.

குளிர்ந்த என்ஜினுக்கு சோக் வேண்டும். பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. ஆனால் திரவப் பெட்ரோல் எரியாது, ஆவிதான் எரியும். குளிரில் பெட்ரோலின் ஒரு பகுதிதான் ஆவியாகிறது. மிச்சம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் கூடுதலாக ஊற்றினால்தான் எரியத் தேவையான ஆவி கிடைக்கும். சோக் என்பது காற்றுப் பாதையை மறைத்து உறிஞ்சலைக் கூட்டும் தகடு. சில கார்புரேட்டர்களில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டையே அகலமாக்கும் ஏற்பாடு. கேபிள் அறுந்து தகடு மூடாமல் இருந்தாலும், டேஷ்போர்டில் குமிழ் வழக்கம்போல வெளியே வரும். கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

பழைய பெட்ரோலும் ஒரு காரணம். முதலில் ஆவியாகிப் போவது பெட்ரோலின் லேசான பகுதி. குளிரில் பற்றுவதற்கு உதவுவதும் அதுதான். மாதக்கணக்கில் நின்ற டாங்கில் பெயின்ட், வார்னிஷ் வாசம் வந்தால் வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் சவ்வையும் இளக்கும்.

## சூடாக இருக்கும்போது மட்டும் மறுத்தால்

காலையில் ஒரே தட்டில் பற்றும் கார், ஓடி வந்து பத்து நிமிடம் நின்றபின் மறுக்கும். என்ஜினை அணைத்ததும் விசிறியும் நிற்கும், உள்ளே வரும் குளிர்ந்த பெட்ரோலும் நிற்கும். என்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறும். அதன் பிறகு மூன்றில் ஒன்று நடக்கும், மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு.

கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து என்ஜினுக்குள் வழிந்திருக்கலாம். பெட்ரோல் வாசம் தூக்கும், பிளக் நனைந்திருக்கும். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து அப்படியே பிடித்தபடி செல்ஃப் கொடுங்கள். காற்று அதிகம் போய் வெள்ளத்தைக் கலைக்கும். பதற்றத்தில் மிதித்து மிதித்து விட்டால், பீச்சும் பம்ப் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் ஊற்றும்.

அல்லது பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கலாம். வேப்பர் லாக் என்பது இதுதான். பிளக் காய்ந்திருக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள்.

மூன்றாவது, காயிலோ கண்டென்சரோ சூட்டில் மட்டும் படுத்துவிடுவது. ஆறியதும் பொறி திரும்பிவிடும், மெக்கானிக் வந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். எனவே சூடாக இருக்கும்போதே பொறியைச் சோதியுங்கள். சூட்டில் வரும் எல்லாக் கோளாறையும் வேப்பர் லாக் என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. பாதி நேரமாவது கண்டென்சர்தான் குற்றவாளி என்பது என் அபிப்பிராயம்.

## பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு

அப்படியும் பற்றவில்லை என்றால் டைமிங்கும் கம்ப்ரஷனும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, கார்புரேட்டரிலோ சைலன்ஸரிலோ 'டமார்' என்கிறது என்றால் அரைச்சுற்று தப்பாக மாட்டியிருக்கும், அல்லது பிளக் ஒயர்கள் இடம் மாறியிருக்கும். நான்கு சிலிண்டரில் பொறி வர வேண்டிய வரிசை 1-3-4-2 என்று இருப்பது மிகவும் சகஜம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1-4-3-2. மூடியைத் திறந்து செல்ஃப் கொடுக்கும்போது ரோட்டர் சுழலவே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். உள்ளே டிரைவோ டைமிங் செயினோ போயிருக்கலாம்.

கம்ப்ரஷனுக்கு முதலில் காது போதும். நல்ல என்ஜின் சுழலும்போது சீரான தாளம் இருக்கும். ஒரு தட்டு விட்டு விட்டு வந்தால் ஒரு சிலிண்டர் பலவீனம். அழுத்தமானி வைத்துப் பார்ப்பதானால் எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரையும் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து வைத்துச் செல்ஃப் கொடுக்க வேண்டும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்தால் அவற்றின் நடுவே ஹெட் காஸ்கெட், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியை அடைக்கும் தகடு, போயிருக்கலாம்.

## வருடக்கணக்கில் நின்ற கார்

இதற்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. பேட்டரியை மாட்டி உடனே செல்ஃப் கொடுப்பதுதான் இங்கே செய்யக்கூடிய பெரிய கெடுதல். சிலிண்டர் சுவரில் ஆயில் வடிந்து, ரிங்குகள் லேசாகத் துருவோடு ஒட்டியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டு, ஓரிரண்டு நாள் ஊறட்டும். பிறகு கைப்பிடியாலோ கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டோ மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வலுக்கட்டாயம் வேண்டாம். அசையவில்லை என்றால் இன்னும் ஆயில், இன்னும் நாள்.

தாராளமாகச் சுற்றினால், டாங்கை வடித்துப் புது பெட்ரோல், புது என்ஜின் ஆயில், புது ரப்பர் குழாய்கள். பாயின்ட்டைத் துடைத்து, பிளக்குகள் வெளியிலேயே இருக்க, காயில் ஒயரையும் கழற்றிவிட்டுச் செல்ஃப் கொடுங்கள். அழுத்தம் இல்லாததால் என்ஜின் லேசாகச் சுழலும். துளைகளில் மிச்சமிருக்கும் ஆயில் பீறிட்டு வரும், முகத்தைத் தள்ளியே வையுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு அணைந்தபின், அல்லது முள் எழுந்தபின், காயில் ஒயரையும் பிளக்குகளையும் மாட்டி, சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பலாம். ஸ்டார்ட் ஆனால் முதல் சில நிமிடம் சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து நீலப் புகை வரும், அது தானாக அடங்கும்.